கூண்டு ஏறியிருக்கு, கடல் அமைதியா இருக்கு… போகலாமா?

கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள பழையாறில் ஃபைபர் படகு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: கடலூரிலும் நாகையிலும் 1-ம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், ஆப்பில் அலை 1.5 மீட்டர், காற்று 20 கிலோமீட்டர் என்றுதான் காட்டுகிறது, ஒன்றாம் நம்பரெல்லாம் சும்மா என்கிறார்கள், போகலாமா?

போக வேண்டாம். அவர்கள் சொல்வதில் பாதி சரி. 1-ம் எண் என்றால் புயல் சின்னம் தொலைவில் இருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை என்று பொருள். துறைமுகத்துக்கே மோசமான காற்று வரலாம் என்பது 3-ம் எண்ணில்தான் தொடங்குகிறது. ஆனால் இந்த ஏற்பாடு கப்பல்களை மனதில் வைத்துச் செய்தது. முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டிய சிறு படகுக்கு என்று அதில் தனியாக ஒரு எண்கூடக் கிடையாது, எங்கோ ஒரு துறைமுகத்தில் ஏற்றிய கூண்டை வைத்து நம் ஆட்களே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை இன்னும் மாற்றாமல் வைத்திருப்பது எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

ஆப்பில் வரும் 1.5 மீட்டர், அங்கே எழும் மிகப் பெரிய அலையின் உயரம் இல்லை. வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்துப் போட்ட சராசரி. இடையில் 3 மீட்டர் வரை ஒன்று எழும்பினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

காற்றே இல்லாத நாளிலும் கடல் படகைக் கவிழ்க்கும், இதைத்தான் நம்ப மறுக்கிறார்கள். புயல் நடுக்கடலில் இருக்கும்போதே அது கிளப்பிய நீண்ட அலை முன்னால் கிளம்பி வந்துவிடும். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் 12 நொடி இடைவெளி இருக்கிற வகை, ஆயிரம் கிலோமீட்டரைச் சுமார் 30 மணி நேரத்தில் கடந்து கரையைத் தொடும். ஆழத்தில் படகைத் தூக்கி இறக்குவதோடு சரி, தெரியவே தெரியாது. முகத்துவார மணல் திட்டுக்கு வந்ததும்தான் எழும்பி உடைகிறது, 2 மீட்டர் தண்ணீர் நிற்கிற இடத்தில் 1.5 மீட்டர் அலை உடைந்துவிடும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் கொள்ளிடத்தில் உபரிநீர் வெளியேறுகிற நேரம், கூடவே ஓதம் இறங்கிக் கடல் நீரும் வற்றுகிற நேரம் என்றால் எதிர்த்து வரும் அலை சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். அதனால் ஆப்பில் அலையின் உயரத்தோடு, இரண்டு அலைக்கு இடையிலான நொடியையும் பாருங்கள். 10-ஐத் தாண்டினால் முகத்துவாரம் பக்கம் போகாதீர்கள்.

மாதச் சந்தா வாங்கிக்கொண்டு வாட்ஸ்அப்பில் 'ஸ்பெஷல் சாட்டிலைட் ரிப்போர்ட்' அனுப்புகிறவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சென்னை வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையும், ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை முன்னறிவிப்பும் இலவசம், அதையே தேதியை வெட்டிவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். இன்னும் மோசமானவர் முன்பணம் கொடுத்த வியாபாரி. "எல்லாரும் போறாங்க, நீ மட்டும் ஏன் நிக்கிற" என்பார். அவருக்குப் போனால் ஒரு நாள் ஏலம், உங்கள் வீட்டுக்கு அப்படியா?

மீனவர் எச்சரிக்கையில் நம் கரையின் பெயர் இருந்தால் நொடிக் கணக்கெல்லாம் பார்க்கவே வேண்டாம், படகை மேலே ஏற்றிக் கட்டுங்கள். ஏற்கெனவே கடலில் இருந்து, திரும்பும்போது முகத்துவாரத்தில் அலை உடைவதைக் கண்டால் அவசரப்பட்டு உள்ளே நுழையாதீர்கள். அலை உடையாத ஆழத்தில் நின்று நீர் ஏறும் வரை காத்திருங்கள், அப்போதும் அடங்காவிட்டால் டீசல் செலவைப் பார்க்காமல் அலைத்தடுப்புச் சுவர் உள்ள துறைமுகத்துக்குப் போய்விடுங்கள்.