மானியத்தைவிட முதலில் வர வேண்டியது பில் பணம்

கேள்வி: கோவை கணபதியில் மூன்று லேத்துகளை வைத்துக்கொண்டு, பம்பு உதிரிபாகங்களுக்கு ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) ஒன்றைச் செய்துபார்க்க ஆசை. எங்களைப் போன்றவர்கள் புதிதாக ஒன்றை முயன்றுபார்க்க அரசு முதலில் என்ன செய்ய வேண்டும்? மானியத்தைக் கூட்டினால் போதுமா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: மானியம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்த பணம் உரிய நாளில் உங்கள் கைக்கு வரச் செய்வதே அரசின் முதல் வேலை என்று உறுதியாக நம்புகிறேன். புதிய இம்பெல்லர் ஒன்றுக்குப் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி) செய்து, ஃபவுண்டரி என்னும் வார்ப்புப் பட்டறையில் வார்த்து, கடைசல் பிடித்து, பேலன்ஸ் பார்த்து, பம்பில் பூட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வார்ப்புகள் ஸ்கிராப்புக்கே போகலாம். அந்தச் செலவை நம்பி வங்கியில் கடன் கேட்பது கடினம். பட்டறையின் கைப்பணம்தான் அதற்கு மூலதனம். அதுவோ சரக்கை வாங்கியவரிடம் பில்லாகக் கிடக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளில், அதிகபட்சம் 45 நாள்களுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாள்களுக்குள்ளும் பணம் தரப்பட வேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டியாக. ஆனால் வட்டி கேட்டுப் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் நின்றுவிடுமே என்ற அச்சத்தில் பலர் வாய் திறப்பதில்லை. அதனால்தான் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரி மாற்றத்தைப் பெரிதாக மதிக்கிறேன். குறு, சிறு நிறுவனத்துக்குரிய தொகையைக் கெடுவுக்குள் தராதவர், அதை உண்மையில் தரும் ஆண்டில்தான் வரிக்கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ள முடியும். இதற்குப் புகார் கொடுக்க ஆளே தேவையில்லை; வாங்கியவரின் ஆடிட்டரே கேட்டுவிடுவார்.

அரசுத் துறைகளோ வருமான வரி கட்டுவதில்லை. ஆகவே இந்தக் கடிவாளம் அவற்றைப் பிடிக்காது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற விதி நல்லதுதான். வாங்கியதற்குக் கெடு தவறாமல் பணம் தருவதையும் அதே கண்டிப்புடன் கணக்கிட்டு, துறைவாரியாக வெளியிட வேண்டும்.

உங்கள் பங்குக்கு, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் சரக்கு அனுப்பும் முன்பே முடித்து, அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். பணம் தரும் நாளை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.