வயதான பூனைக்குச் சர்க்கரை நோய்: ஊசியை எப்படிச் சமாளிப்பது?

12 வயதுப் பூனைக்குச் சர்க்கரை நோய் என்று இப்போதுதான் தெரிந்தது, இன்சுலின் ஊசி போடவே பயமாக இருக்கிறது என்கிறீர்கள். ஊசி நீங்கள் நினைப்பதைவிட எளிது. மிக மெல்லியது, சாப்பிடும்போது தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து ஊசி போட்டால் பல பூனைகள் திரும்பிக்கூடப் பார்க்காது. பொதுவாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை.

எனக்குப் பயமெல்லாம் சிரிஞ்சு விஷயத்தில்தான். இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு செறிவுகளில் வருகிறது. மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தை 40க்கான சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு டோஸ் உள்ளே போய்விடும். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தாலும் மறுபடி போடாதீர்கள். ஒரு வேளை டோஸ் தவறினால் பெரிய கேடில்லை, கூடினால்தான் ஆபத்து. பூனை சாப்பிடாவிட்டால் டோஸ் போடும்முன் மருத்துவரைக் கேளுங்கள். தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு தெரிந்தால் சர்க்கரை மிகவும் குறைந்திருக்கலாம்; ஈறில் தேனோ குளுக்கோஸோ தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மாவுச்சத்து குறைந்த ஈர உணவு நல்லது. பட்டினி மட்டும் போடாதீர்கள், பூனையின் கல்லீரல் தாங்காது. தொடக்கத்திலேயே சர்க்கரை கட்டுக்குள் வந்தால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போவதுண்டு. அதனால் உணவை மாற்றும்போது டோஸையும் மருத்துவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.