மொட்டுக்குத் தொப்பி, வலை, பை: கேட்டதுகளும் என்ர பதில்களும்

எல்லாருக்கும் வணக்கம். றோசா மொட்டுக்கு வலைத்தொப்பி போட்ட படம் ஒண்டு போட்டாலும் போட்டன், போன கிழமையில இருந்து ஒரே கேள்வி. ஆளாளுக்குத் தனித்தனிய எழுத ஏலாது, அதால எல்லாத்தையும் சேர்த்து இதிலயே எழுதுறன். நான் படிச்சு வந்த ஆள் இல்லை. இடம்பெயர்ந்து இந்தியாவில இருந்த காலத்தில ஓசூர்ப்பக்கம் ஒரு றோசாப் பண்ணையில வேலை செய்தனான், திரும்பி வந்து கிளிநொச்சியில பூக்கண்டு வச்சு விக்கிறன். பூவைப் பற்றிக் கேளுங்கோ. நெல்லு, தென்னை, மாடு எனக்குத் தெரியாது.

தொடங்க முதலே ஒண்டு. கடையில தாற பொலித்தீன் சொப்பிங் பையை மொட்டில கட்டாதேங்கோ. ஏன் எண்டு பேந்து சொல்லுறன்.

விசுவமடுவில இருந்து: அண்ணை அந்தத் தொப்பி என்னத்துக்கு? போட்டால் மொட்டு பெருக்குமாம், உண்மையோ?

அது இழுத்தால் இழுபடுற பிளாஸ்ரிக் வலை. மொட்டு பட்டாணிக்கடலை அளவில நிக்கேக்க மாட்டுறது. இடக்கையால காம்பைப் பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையில ரெண்டு விரலை வலைக்குள்ள விட்டு அகட்டி, மேலயிருந்து மெதுவா இறக்கவேணும், பச்சை இதழுக்குக் கீழ ஒரு தடிச்ச கழுத்து இருக்கெல்லே, வலையின்ர வாய் அதில போய் நிக்கோணும், அதுக்கு மேல நிண்டால் மொட்டு வளர வளர வலை கழண்டு விழும், கீழ காம்புக்கு இறங்கினால் காம்பை நெரிக்கும். அங்க வேலை செய்த பெம்பிளையள் ஊர்க்கதை கதைச்சுக்கொண்டு கண்ணைக்கூட அங்க வைக்காமல் மாட்டிக்கொண்டு போவினம். நான் முதல் நாள் பத்து மொட்டை முறிச்சுப் பேச்சு வாங்கினனான்.

பெருக்கும் எண்டது முழுப் பொய்யில்லை. இதழ் விரியாமல் வலை இறுக்கிப் பிடிச்சு வைக்குது, அதால வெட்டுற நாளுக்குள்ள மொட்டு நீளமா குண்டா வர அவகாசம் கிடைக்குது. கட்டாக் கட்டிப் பெட்டியில அடுக்கேக்க இதழ் நசியாமலும் இருக்கும். பெப்ரவரி 14க்கு ஏத்துமதி செய்யிறவைக்கு அதுதான் காசு. ஆனா கண்டுக்கு வெயிலும் உரமும் காணாட்டி தொப்பி போட்டு என்ன, கிரீடம் வச்சும் சரிவராது.

முத்தத்தில பாக்கிறதுக்கு வளக்கிறவைக்கு இது பெரிசாத் தேவையில்லை. போட்டாலும் நிறம் வடிவாத் தெரியத் தொடங்கினவுடன கழட்டிப்போடுங்கோ.

புதுக்குடியிருப்பில இருந்து: நானும் தொப்பி வாங்கிப் போட்டனான், அப்பவும் இதழ் ஓரமெல்லாம் மண்ணிறமாக் கருகுது. தொப்பி சரியில்லையோ?

தொப்பியில பிழையில்லை, உது பனிப்பூச்சி. த்ரிப்ஸ் எண்டு சொல்லுறது. வெள்ளைக் கடதாசி ஒண்டைக் கீழ பிடிச்சு மொட்டை ரெண்டு தட்டுத் தட்டுங்கோ, பென்சிலால கீறின சின்னக்கோடு மாதிரி ஏதும் ஓடினால் அதுதான். அதின்ர உடம்பு அகலம் கிட்டத்தட்ட 0.2 மில்லிமீற்றர். உங்கட தொப்பியின்ர ஓட்டைக்குள்ளால ஆயிரம் பேர் வரிசையாப் போகலாம். அதைத் தடுக்கிற வலைக்கு ஓட்டை 0.19 மில்லிமீற்றர் அளவில இருக்கவேணும், அதை மொட்டுக்குப் போடேலாது, கூடாரத்துக்குத்தான் போடுவினம், போட்டால் காத்தும் போகாது, எங்கட கச்சான் காத்துக் காலத்தில உள்ளுக்க நிக்கிற நீங்களே மயங்கி விழுவியள். கருகின மொட்டை வெட்டி எடுத்து அழியுங்கோ, நீல நிற ஒட்டு அட்டை கண்டுக்குப் பக்கத்தில தூக்குங்கோ, நீலத்துக்கு அது வரும்.

தொப்பி போட முதல் மொட்டைத் திருப்பித் திருப்பிப் பாக்கவேணும். புழு உள்ளுக்க இருக்கேக்க தொப்பி போடுறது கள்ளனை வீட்டுக்குள்ள விட்டுட்டுக் கதவைப் பூட்டுற வேலை.

முழங்காவிலில இருந்து ஒரு அக்கா: தம்பி, மல்லிகை மொட்டு எல்லாம் ஊதா நிறமாகி, விரியாமலே விழுது. கோயிலுக்குக் குடுக்கிற பூ. ஒவ்வொரு மொட்டுக்கும் எப்பிடி வலை போடுறது?

அக்கா, போடவே வேண்டாம். ஒரு பத்தையில முந்நூறு மொட்டு நிக்கும், நீங்கள் போட்டு முடிக்க அடுத்த ஈடு மொட்டு வந்திடும்.

முதல்ல ரெண்டு பேரில ஆர் எண்டு பிடியுங்கோ. மொட்டில வட்டமா ஓட்டை, பக்கத்தில நூல் நூலா வலை, கடுகு மாதிரிக் கழிவு கிடந்தால் அது மொட்டுப்புழு. ஓட்டை இல்லாமல், மொட்டு குறுகி, அடி வீங்கி, ஊதா நிறமா நிண்டால் அது மொட்டு ஈ. நீங்கள் சொல்லுறது ரெண்டாவது மாதிரித்தான் கிடக்கு. ஒரு மொட்டை நகத்தால பிளந்து பாருங்கோ, வெள்ளையா ஊசிமுனை அளவில புழுக்கள் நெளியும்.

இதில ஒரு சூட்சுமம் இருக்கு. அந்தப் புழு வளந்தாப்பிறகு மொட்டில இருந்து நிலத்தில விழுந்து, மண்ணுக்குள்ள கூட்டுப்புழுவாகி, பிறகு ஈயா மேல வரும். அப்ப நீங்கள் பத்தை முழுக்க நுளம்புவலையால மூடினாலும், மண்ணுக்குள்ள இருக்கிறது வலைக்கு உள்ளுக்கதானே எழும்பி வரும்! எங்கட பக்கத்தில ஒராள் இப்பிடித்தான் புது வலை வாங்கி மூடி வச்சு, ஈக்கு நல்ல வீடு கட்டிக் குடுத்தவர். அதால விழுந்த மொட்டு, ஊதா மொட்டு எல்லாத்தையும் ஒவ்வொரு நாளும் பொறுக்கி ஒரு சொப்பிங் பையில போட்டு இறுக்கிக் கட்டி வெயிலில போடுங்கோ. சொப்பிங் பைக்கு இது ஒண்டுதான் சரியான வேலை. பத்தைக்குக் கீழ மண்ணை மேலாலக் கொத்திக் காயவிடுங்கோ. இதெல்லாம் செய்து ஒரு மாதம் போனாப்பிறகு வலையைப் பற்றி யோசிக்கலாம்.

வவுனியா: மல்லிகை மொட்டு விழுது அண்ணை, என்ன தொப்பி போடலாம்?

மேல அக்காவுக்குச் சொன்னதுதான்.

மல்லாவி: செவ்வரத்தை மொட்டு மஞ்சளாகி விழுது.

அதுக்கும் அதே ஈ வரும். மொட்டைப் பிளந்து பாருங்கோ. புழு இல்லாட்டி தண்ணியில பிரச்சினை, ரெண்டு நாள் காயவிட்டு மூண்டாம் நாள் குளிப்பாட்டுற பழக்கத்தை விடுங்கோ. செவ்வரத்தைப் பூ ஒரு நாளில வாடுற பூ, அதுக்குத் தொப்பி தைக்கிற நேரத்தில கண்டுக்கு ஒழுங்காத் தண்ணி விடலாம்.

மடுப்பக்கம்: மாமா, மழைக்காலத்தில என்ர வெள்ளை றோசா விரியாமல் உருண்டையா அப்பிடியே அழுகுது. இதுக்கெண்டாலும் பை கட்டலாமோ?

பிள்ளை, நல்ல கேள்வி. ஐப்பசி கார்த்திகை மழையில வெளியிதழ் ஊறி, இடையில அடிக்கிற வெயிலில காய்ஞ்சு, ஒண்டோட ஒண்டு பசை மாதிரி ஒட்டிப்போடும். உள்ளிதழ் தள்ளிப் பாக்கும், ஏலாமல் உள்ளுக்கயே பூஞ்சணம் பிடிச்சு அழுகும். இதழ் கூடின றோசாவுக்குத்தான் இது கூட.

இதுக்குப் பை வேண்டாம், குடை வேணும். இங்கிலாந்தில போட்டிக்கு றோசா வளக்கிறவை, ஒரு தடியில கூம்பு மாதிரித் துணிக்குடை பூட்டி மொட்டுக்கு மேல நிப்பாட்டுவினம், மொட்டில முட்டாது, சுத்திவரக் காத்துப் போகும். நான் அதைப் பனையோலையில செய்தன். கூழ் குடிக்கப் பிளா கோலுவமெல்லே, அதைக் கொஞ்சம் பெரிசாக் கோலிக் கவிழ்த்து, கண்டுக்குப் பக்கத்தில நட்ட கம்பில கட்டினால் குடை ரெடி. மொட்டுக்கும் ஓலைக்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கோ. மழை விட்டவுடன கண்டை மெல்ல உலுப்பித் தண்ணியை விழுத்துங்கோ. ஒட்டின வெளியிதழ் ரெண்டை விரலால உரிச்சுவிட்டால் சிலவேளை மிச்சம் விரியும்.

இப்ப சொப்பிங் பைக் கதை. போன வைகாசி ஒருத்தர் என்னட்ட வாங்கின றோசாவில அஞ்சு மொட்டுக்கும் பை கட்டி, வாயை நூலால இறுக்கி வச்சிட்டு, மூண்டாம் நாள் கண்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தவர். பைக்குள்ள முழுக்க வியர்த்த தண்ணி, இதழ் அவிச்ச வெங்காயம் மாதிரி வழுவழுத்துப்போய்க் கிடந்தது. வெளியில 35 பாகை எண்டால் அந்தப் பைக்குள்ள என்ன நிலைமை எண்டு நீங்களே கைவிட்டுப் பாருங்கோ. சாப்பாடு சுத்துற லஞ்ச் சீற்றும் அப்பிடித்தான், கேக்க முதலே சொல்லுறன்.

ஒட்டுசுட்டான்: மொட்டை மயில் கொத்தித் தின்னுது. அதுக்கு என்ன தொப்பி?

மாங்குளம்: மேல எழுதினவருக்கு: மயில் புழுபூச்சி, பாம்பு தின்னும், மொட்டுத் தின்னாது. முருகன்ர வாகனத்தில சும்மா பழி போடாதேங்கோ. அது குரங்கு.

மாங்குளத்து ஐயா, கோவிக்காதேங்கோ, மயில் மொட்டும் தின்னும், பிஞ்சும் தின்னும், முளைச்ச பயறையும் விடாது. வாகனம் எண்டால் பசிக்காதோ? நான் விடிய அஞ்சரைக்கு வேலிக்குப் பின்னால குந்தியிருந்து பாத்தனான். ஒரு பெட்டை மயில், என்ர செவ்வந்திப் பாத்தியில ஒரு கரையில தொடங்கி, மொட்டு மொட்டா, அவசரமே இல்லாமல். காம்பு நிண்டது, தலை இல்லை.

ஆர் தின்னதெண்டு பிடிக்கிறது லேசு. குரங்கு வந்தால் கொப்பு முறியும், பாதி கடிச்சது நிலத்தில கிடக்கும். ஆடு இலையோட சேர்த்துக் காம்பையும் கொண்டுபோகும். நத்தை போன இடம் மினுங்கும். மயில் எண்டால் மொட்டு மட்டும் போயிருக்கும், மண்ணில மூண்டு விரல் தடம் நிக்கும்.

மாங்குளம்: மூண்டு விரல் தடம் கோழிக்கும் இருக்கு.

ஓம், உங்கட கோழியின்ர கால் நான் பாத்த தடத்தின்ர அளவில இருந்தால் எனக்கு ஒரு சோடி தாங்கோ.

துணுக்காய்: ரெண்டு பேரும் சண்டை பிடிக்காதேங்கோ. நான் வீட்டு லைனில இருந்து கம்பிக்குக் கரண்ட் குடுத்திருக்கிறன், இப்ப ஒண்டும் வாறேல்லை.

தம்பி, இதை வாசிச்சவுடன போய்க் கழட்டுங்கோ. பகிடி இல்லை. வன்னியில உந்தக் கம்பியில பட்டுச் செத்தது மயில் மட்டுமில்லை, விடிய வயலுக்குப் போன மனிசரும்தான். நஞ்சு வைக்கிற யோசனையும் இதில எழுதவேண்டாம்.

மயிலுக்கு மொட்டுத்தொப்பி சரிவராது, தொப்பியோட சேர்த்துப் பிடுங்கும். நான் செய்யிறது தங்கூசி. மீன் பிடிக்கிற நைலோன் நூல்தான், பாத்தியைச் சுத்தி முழங்கால் உயரத்தில ஒரு வரி, இடுப்பு உயரத்தில ஒரு வரி. அதுக்குக் கண்ணுக்குத் தெரியாது, நெஞ்சில முட்டினவுடன பயந்து பின்வாங்கும். நூலை இறுக்கிக் கட்டுங்கோ, தொங்கினால் கால் சிக்கும், பாவம். பழைய சீடி தூக்கிறது ஒரு கிழமைக்கு வேலை செய்யும், பிறகு மயில் அதில தன்ர முகம் பாக்கும்.

நெடுங்கேணி: எங்கட அம்மம்மா வச்சிருந்த கத்தரி இனம் ஒண்டு இருக்கு, வேற கத்தரியோட கலக்காமல் விதை எடுக்க மொட்டுக்கு என்ன கட்டுறது?

மரக்கறி எண்டாலும் இதுக்குப் பதில் சொல்லாமல் போக மனம் வரேல்லை. சாமத்தியவீடு, கலியாணவீடுகளில இனிப்புப் போட்டுத் தருவினமே, மெல்லிய துணியில இழுவை நூல் வச்ச சின்னப் பை, அதை எறியாதேங்கோ. காத்துப் போகும், தேனீ போகாது. நாளைக்கு விரியப்போற மொட்டுக்கு இண்டைக்கே போட்டு இழுத்துக் கட்டுங்கோ. கத்தரி தன்ர மகரந்தத்திலயே காய்க்கும், பூ விரிஞ்சாப்பிறகு பையோடயே காம்பை ரெண்டு தரம் சுண்டிவிட்டால் காணும். பிஞ்சு பிடிச்சவுடன பையைக் கழட்டி, காம்பில சிவப்புக் கம்பளிநூல் ஒண்டு கட்டுங்கோ, வீட்டில எல்லாருக்கும் சொல்லியும் வையுங்கோ. நான் நூல் கட்டாமல் விட்ட வருசம் விதைக்காய் பால்கறியாப் போட்டுது.

பரந்தன்: ட்ராகன் புரூட் மொட்டுக்கும் அந்தப் பை போடலாமோ?

மொட்டாக நிக்கும்வரை போடலாம். அது இரவில விரிஞ்சு அடுத்தநாள் காலமை சுருங்கிற பூ, விரியிற அண்டைக்குப் பின்னேரம் கழட்டாட்டி பல இனத்துக்கு மகரந்தம் ஒழுங்காச் சேராது, காய் பிடிக்காது.

கனகராயன்குளம்: அந்தூரியத்துக்கு?

நிழல்வலை காணும். தொப்பி வேண்டாம்.

முல்லைத்தீவு: மாம்பூ கருகுது, தென்னம்பாளை காயுது, என்ன மருந்து?

விவசாயப் போதனாசிரியரிட்டப் போங்கோ, இல்லாட்டி விவசாயத் திணைக்களத்தின்ர 1920 நம்பருக்குப் போன் எடுங்கோ.

வவுனியா: மல்லிகை மொட்டுக்கு…

மேல பாருங்கோ எண்டு சொன்னனான் தானே.

தருமபுரம்: தொப்பி கழட்ட மறந்து வெளிக்கிட்டுப் போயிட்டன், வந்து பாத்தால் பூ வலைக்குள்ள பிதுங்கி நிக்குது, இழுத்தால் இதழும் வருது.

இழுக்காதேங்கோ. நகம் வெட்டுற சின்னக் கத்தரிக்கோலால கழுத்துப் பக்கத்தில இருந்து மேல நோக்கி வலையை வெட்டுங்கோ, வலை இழுபடுற சாமான் எண்டபடியால் வெட்ட வெட்டத் தானா விரியும். வெளியிதழில வலைத் தழும்பு கட்டம் கட்டமா நிக்கும், அது போகாது, அந்த ரெண்டு இதழையும் உரிச்சுவிட்டால் ஆருக்கும் தெரியாது. வெட்டின வலையை முத்தத்தில எறியாதேங்கோ, கோழி விழுங்கும்.

மயிலைப் பற்றி இன்னும் ஆறு பேர் எழுதியிருக்கினம், அதில நாலு பேர் மாங்குளத்து ஐயாவின்ர கட்சி. நீங்களே கதைச்சு முடியுங்கோ. வெயில் தாழ்ந்திட்டுது, நான் கண்டுகளுக்குத் தண்ணி விடப்போறன்.