பார்சல் பெட்டியில் பிஸ்கட்: கேளுங்கள், சொல்கிறேன்

சென்னையின் தென்பகுதியில் 11 வருடமாக பார்சல் போடுகிறேன். வழியில் இருக்கும் நாய்களுக்குத் தீனி கொடுப்பது பற்றிக் கேட்கலாம் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன.

அண்ணா, வேலைக்குப் புதுசு. கேட்டுக்குள் குரைக்கிற நாயை பிஸ்கட் கொடுத்துப் பழக்கலாமா?

முதலில் வீட்டுக்காரரிடம் கேள், தம்பி. நான் கேட்காமல் பட்டது இது. ராஜா என்று ஒரு லேப்ரடார். தெருமுனையில் என் வண்டிச் சத்தம் கேட்டாலே கேட்டில் முன்னங்காலைத் தூக்கி வைத்து நிற்கும். தினமும் 2 பால் பிஸ்கட் கொடுப்பேன். ஒருநாள் அந்த வீட்டம்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "இன்சுலின் ஊசியை ஏத்திக்கிட்டே போறாங்க, இவனுக்கு சுகர் இறங்கவே மாட்டேங்குது" என்றார். அப்போது ராஜா என் விரலில் ஒட்டிய தூளை நக்கிக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டேன். திட்டு விழுந்தது, நியாயம்தான். இப்போது வெள்ளரித் துண்டை டப்பாவில் போட்டு அவரே கேட் பக்கத்தில் வைத்திருக்கிறார். ராஜாவுக்கு அதுவும் போதும்.

அப்புறம், கம்பிக்குள் கையை விடாதே. குரைப்பை நிறுத்தும்வரை பக்கவாட்டில் திரும்பி நில், கண்ணை நேராகப் பார்க்காதே. நிறுத்திய பிறகு தரையில் போடு. குரைக்கும்போதே போட்டால், குரைத்தால் தீனி வரும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

என்னென்ன கொடுக்கலாம்?

உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழி, கேரட் துண்டு. கடைத் தீனி என்றால் உடைத்துச் சின்னதாக. சாக்லேட், திராட்சை (உலர்ந்ததும்தான்), வெங்காயம், வேகவைத்த எலும்பு கூடாது. சைலிட்டால் என்ற இனிப்பு போட்ட சுகர்ஃப்ரீ சூயிங்கம் நாயின் உயிருக்கே ஆபத்து.

கொஞ்சூண்டு சாக்லேட்?

மேலே பாருங்கள்.

அமெரிக்காவில் யூபிஎஸ் பார்சல் நிறுவன ஓட்டுநர்கள் நாய்களோடு படம் எடுத்துப் போடுகிறார்களே, நாமும் செய்யலாமே?

'யூபிஎஸ் டாக்ஸ்' முகநூல் பக்கம். 2013-இல் தொடங்கியது, நானும் பார்ப்பேன். அதில் பெரும்பாலும் வீட்டு நாய்கள், உரிமையாளர் பக்கத்திலேயே இருப்பார். நம் ரூட்டில் பாதி தெருநாய்.

தெருநாய் பசியில்தான் துரத்துகிறது. நான் தினமும் முனையில் போடுகிறேன், என்னைத் துரத்துவதே இல்லை.

இதற்குக் கீழே 20 பேர் சண்டை. "நீ போட்டுவிட்டுப் போகிறாய், உன் பிஸ்கட்டுக்குக் காத்திருக்கிற நாய் பின்னால் வரும் என் வண்டியை மறிக்கிறது" என்கிறார் ஒருவர். "மனசாட்சி இல்லாதவர்" என்கிறார் இன்னொருவர். என் கருத்து: முன்னவர் சொல்வது சரி. வண்டியைத் துரத்துவது பெரும்பாலும் பசியால் அல்ல. ஓடுகிற சக்கரம், தன் எல்லைக்குள் வந்த அந்நியன், இவைதான். வேகத்தைக் குறைத்து நின்றால் பல நாய்கள் குழம்பி விட்டுவிடும். நீங்கள் விடுப்பு எடுக்கும் நாளில் உங்கள் ரூட்டில் வருகிற பையன் பையில் பிஸ்கட் இருக்காது, அவனை நினையுங்கள். தவிர, 2025 ஆகஸ்ட் 22 உச்ச நீதிமன்ற உத்தரவு, தெருவில் கண்ட இடத்தில் போடக்கூடாது, ஒதுக்கிய இடத்தில்தான் என்கிறது. கருணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இடம் பார்த்துப் போடுங்கள்.

லேசாகப் பல் பட்டது, ரத்தம் இல்லை. ஊசி வேண்டுமா?

டாக்டரிடம் போங்கள். அதற்கு முன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்: 0, 3, 7, 28-ஆம் நாட்கள். பல் தோலைக் கிழித்து ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலினும் (காயத்தில் போடும் தனி ஊசி, உடனடிப் பாதுகாப்புக்கு) தேவை. கடி வாங்காமலேயே முன்கூட்டி ஊசி போட்டுக்கொள்ளும் வழியும் உண்டு, நம் வேலைக்கு அது நல்லது, கேட்டுப் பாருங்கள்.

வீட்டு நாய்தான், ஊசி போட்டிருக்காங்களாம். அப்பவுமா?

அப்பவும். சோப்பு, 15 நிமிடம், டாக்டர்.

பூனைக்கு?

பூனை வளர்க்கிறவரைக் கேளுங்கள். என்னை எந்தப் பூனையும் மதித்ததில்லை.

சாக்லேட் பிஸ்கட்டில் சாக்லேட் ரொம்பக் கம்மிதானே?

தம்பி!

கறித்துண்டை பார்சல் பெட்டியில் வைத்தால் நாறாதா?

நாறும். ஒருமுறை பட்டுப்புடவை பார்சலோடு வைத்துவிட்டேன். வாங்கிய அம்மா பிரிக்காமலே மோந்து பார்த்தார். அதிலிருந்து எனக்குக் கேரட்தான்.