'டவுட்' வேற, 'அன்சர்டன்' வேற

கேள்வி: அக்கா, வீடு வியாசர்பாடி, மெடிக்கல் கோடிங் (நோயாளி ரெக்கார்டைப் பாத்து நோய்க்கு கோட் நம்பர் போடுறது) வேலையில சேந்து எட்டு மாசம் ஆகுது. போன வாரம் ஒரு அமெரிக்கா நோயாளியோட சார்ட், அவுட்பேஷன்ட் (அட்மிட் ஆகாதவர்), ஸ்கேன்ல வலது விரையில கட்டி, 'பிராபபிள் நியோபிளாசம்'னு (அனேகமா புதுசா வளர்ற கட்டின்னு அர்த்தம்) போட்டிருந்துச்சு. டாக்டருக்கே உறுதியா தெரியலையேன்னு 'அன்சர்டன் பிஹேவியர்' (எப்படிப் போகும்னு நிச்சயமில்லாத கட்டி) கோட் டி40.11 போட்டேன். ஆடிட்ல எரர் வந்துடுச்சு, டிஎல் (டீம் லீடர்) எல்லார் முன்னாடியும் கேட்டாரு. எங்க தப்பு பண்ணேன்?

பதில்: தம்பி, மனச விட்டுடாத. நானும் இதே இடத்துல விழுந்தவதான், அப்ப ஐசிடி-9 (நோய்க் கோட் பட்டியல்), கோட் 236.4, அதுல வலது இடதுன்னுகூட கிடையாது, 2015 அக்டோபர்ல அமெரிக்கா ஐசிடி-10க்கு மாறினப்புறம்தான் வலதுக்கு டி40.11, இடதுக்கு டி40.12, எந்தப் பக்கம்னு எழுதலன்னா டி40.10னு பிரிஞ்சுச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன். 'அன்சர்டன் பிஹேவியர்'ங்கிறது பெத்தாலஜிஸ்ட் சொல்ல வேண்டிய வார்த்தை. கட்டியை எடுத்து, வெட்டி, மைக்ரோஸ்கோப்ல வெச்சு பாத்துட்டு, இது சாதுவா இருக்குமா கேன்சரா போகுமான்னு இப்ப சொல்ல முடியலன்னு அவரு எழுதணும். உன் சார்ட்ல திசுவையே யாரும் பாக்கலையேப்பா! அவுட்பேஷன்ட்ல 'பிராபபிள்', 'சஸ்பெக்டட்', 'ரூல் அவுட்' இதெல்லாம் இருந்தா நோய் உறுதின்னு எடுத்துக்கவே கூடாது, கட்டின்னு மட்டும் கோட் பண்ணிட்டு விட்டுடணும். டாக்டர் 'டெஸ்டிஸ் (விரை) நியோபிளாசம்'னு உறுதியா எழுதி, எந்த மாதிரின்னு மட்டும் சொல்லலன்னா அது டி49.59, 'அன்ஸ்பெசிஃபைட்' கோட். கோட் புக்ல இருக்கிற நியோபிளாசம் டேபிள்ல கடைசி ரெண்டு நெடுவரிசை பக்கத்து பக்கத்துல இருக்கும், அன்சர்டன், அன்ஸ்பெசிஃபைட், அவசரத்துல கண்ணு தாவிடும், நைட் ஷிஃப்ட்ல மூணு மணிக்கு மேல கேக்கவே வேணாம்.

நிஜமாவே டி40 வர்ற சார்ட் எப்படி இருக்கும்னு சொல்றேன் கேளு. லெய்டிக் செல் ட்யூமர்னு ஒண்ணு, விரையில ஆண் ஹார்மோன் சுரக்குற செல்லுல வர்றது, பெரும்பாலும் சாதுதான், ஆனா சிலது பரவும். கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல இருக்கா, செல்லு வேகமா பிரியுதா, ரத்தக்குழாய்க்குள்ள போயிருக்கான்னு பெத்தாலஜிஸ்ட் தேடுவாரு. பினைன் (சாது), மலிக்னன்ட் (கேன்சர்)னு ரிப்போர்ட்ல எதுவும் இல்லாம வெறும் லெய்டிக் செல் ட்யூமர்னு இருந்தா கோட் புக்கோட இன்டெக்ஸே உன்ன அன்சர்டன் நெடுவரிசைக்குத்தான் அனுப்பும். செமினோமான்னா (விரையில வர்ற ஒரு கேன்சர்) யோசிக்காத, நேரா சி62.

இன்னொண்ணு, விரைக்கட்டிக்குப் பொதுவா ஊசி போட்டு பயாப்சி எடுக்கறதில்ல, தொடை இடுக்கு வழியா விரையையே எடுத்துடுவாங்க, அதனால பெத்தாலஜிஸ்ட்டோட பாத் ரிப்போர்ட் ஆபரேஷனுக்கு அப்புறம்தான் வரும். அது வர்ற வரைக்கும் சார்ட்டை ஹோல்டு பண்ண விடுங்கன்னு டிஎல்கிட்ட தைரியமா கேளு. அந்தப் பக்கம் இருக்கிற மனுஷனோட ரெக்கார்டுல நீ போடுற கோடு வருஷக்கணக்கா நிக்கும்ப்பா.

கேள்வி: என் தம்பிக்கு 27 வயசு, விரையில ஆபரேஷன் ஆச்சு. டிஸ்சார்ஜ் பேப்பர்ல டி40.1னு இருக்கு. நெட்ல பாத்து அம்மா அழுதுட்டே இருக்காங்க. கேன்சரா அக்கா? (தண்டையார்பேட்டை வாசகி)

பதில்: அந்தக் கோடை வெச்சு கேன்சர்னும் சொல்ல முடியாதும்மா, இல்லன்னும் சொல்ல முடியாது. வலது இடது நம்பர் இல்லாம இருக்கிறதப் பாத்தா அது உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-10, அதுல 'நிச்சயமில்ல', 'தெரியல' ரெண்டுமே ஒரே கோடுதான். பாத் ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே போட்டிருக்கவும் சான்ஸ் இருக்கு. அந்த ரிப்போர்ட்டை கேட்டு வாங்குங்க, ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச்னு விரைக்கட்டிக்குப் பாக்குற ரத்த டெஸ்ட் எடுத்திருந்தா அதையும் சேத்து எடுத்துட்டு டாக்டரப் பாருங்க. தம்பி வெக்கப்பட்டு நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளுவான், நீயே கூட்டிட்டுப் போம்மா.