கேமராவுக்கு அடுத்து எதை வாங்குவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சென்ற ஆண்டு கேனான் 1300டி கேமராவை, அதனுடன் வரும் 18-55 லென்ஸோடு செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். தாராசுரம் கோயிலின் சிற்பங்களைப் படமெடுப்பதில்தான் எனக்கு முதல் விருப்பம். அடுத்தது, பரதம் பயிலும் என் மகளை மேடையில் படமெடுப்பது. இரண்டு இடங்களிலும் பெரும்பாலான படங்கள் கலங்கியே வருகின்றன. 10,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ட்ரைபாட் எனும் முக்காலியை வாங்கச் சொல்கிறார் நண்பர். ஃபிளாஷ் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். எனக்கோ 55-250 ஜூம் லென்ஸின் மேல் ஆசை. முதலில் எதை வாங்கலாம், ஐயா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கடைக்குப் போவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, நீங்கள் கடைசியாக எடுத்த நூறு படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். எந்தக் கருவி முதலில் தேவை என்பதை நண்பரை விடவும் கடைக்காரரை விடவும் அந்தப் படங்களே சரியாகச் சொல்லும். கலங்கல் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அது மூன்று வகைப்படும். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால், கை அசைந்திருக்கிறது. பின்னணி தெளிவாக இருந்து ஆடுபவரின் கையும் காலும் மட்டும் கரைந்திருந்தால், ஷட்டர் வேகம், அதாவது ஒளியை உள்ளே விடும் ஷட்டர் திறந்து மூடும் வேகம், அவருடைய அசைவுக்குப் போதவில்லை. சிற்பம் மங்கி, அதற்குப் பின்னால் இருக்கும் தூண் துல்லியமாக இருந்தால், ஃபோகஸ் தவறியிருக்கிறது. இந்த மூன்றாவது வகைக்குக் காசு கொடுத்து வாங்கும் மருந்து இல்லை, பயிற்சிதான் வேண்டும்.

ஒவ்வொரு படத்தின் ஷட்டர் வேகத்தையும், ஒளியைக் கேமரா எவ்வளவு கூர்மையாக உணர்கிறது என்பதைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. அளவையும் கேமராவே பதிந்து வைத்திருக்கும். மண்டபத்துக்குள் எடுத்த படங்களில் 1/10 நொடி, ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 5.6 என்பது போன்ற அளவுகளைக் காண்பீர்கள் என்றே நினைக்கிறேன். எஃப் என்பது லென்ஸ் திறப்பின் அளவு; எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும். உங்கள் கேமராவில் 55 மி.மீ. நீளத்தில், அதாவது லென்ஸை முழுதாக ஜூம் செய்த நிலையில், கையில் பிடித்து எடுப்பதற்கு ஏறத்தாழ 1/90 நொடியாவது வேண்டும். ஆகவே முதல் திருத்தம் செலவில்லாதது: ஐ.எஸ்.ஓ. அளவை 1600க்கு உயர்த்துங்கள். 1/10 நொடி 1/40 ஆகிவிடும். படத்தில் சற்றே புள்ளி தெரியும். ஆனால் புள்ளி தெரியும் தெளிவான படத்தைப் பார்க்க முடியும், கலங்கிய படத்தை எதுவும் செய்ய முடியாது.

இப்போது உங்கள் நண்பரின் யோசனையைப் பார்ப்போம். ட்ரைபாட் நல்ல கருவிதான்; ஆனால் உங்கள் இரண்டு தேவைகளுக்கும் அது உதவாது. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பது. அத்தகைய இடங்களில் ட்ரைபாடை நிறுத்துவதற்கு முன்அனுமதி பெற வேண்டும். மேடையிலோ, ட்ரைபாட் உங்கள் கையின் அசைவைத்தான் நிறுத்துமே தவிர, உங்கள் மகளின் அசைவை நிறுத்தாது.

ஃபிளாஷைப் பற்றி என் கருத்து இன்னும் உறுதியானது. அது அனுமதிக்கப்படும் இடத்திலும்கூட, சிற்பத்துக்கு நேர் எதிரே கேமராவின் மேலிருந்து பாயும் ஒளி, புடைப்புச் சிற்பத்தின் உயிராக இருக்கும் நிழலை அழித்துவிடுகிறது. சிற்பி உளியால் உண்டாக்கிய ஆழமெல்லாம் தட்டையாகி, வெளுத்த கல் மட்டுமே மிஞ்சும். வீட்டில் வெள்ளைக் கூரையில் ஒளியைத் திருப்பியடித்து மென்மையாக்கலாம். கருங்கல் விதானத்தில் அதற்கு வழியில்லை. மேடையில் ஆடும் குழந்தையின் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பது எந்த நிலையிலும் கூடாது. நீங்கள் ஆசைப்படும் 55-250 ஜூம், தொலைவில் இருப்பதை அருகில் காட்டும். ஆனால் முழுதாக ஜூம் செய்யும்போது இப்போதைய லென்ஸை விடக் கூடுதல் ஒளியை உள்ளே விடாது. நீளம் கூடக் கூடக் கையசைவும் பெரிதாகத் தெரியும் என்பதால், உங்கள் குறை கூடவும் செய்யலாம்.

உங்களுக்குத் தேவை ஒளி. ஆகையால் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை முதலில் வாங்குங்கள் என்பதே என் பதில். 55 மி.மீ. நீளத்தில் எஃப் 5.6க்கு மேல் திறக்காத உங்கள் லென்ஸோடு ஒப்பிட்டால், இது முழுதாகத் திறக்கும்போது ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை விடும். சிற்பத்தின் எல்லாப் பகுதிகளும் ஃபோகஸில் நிற்க வேண்டும் என்பதற்காக எஃப் 2.8 வரை மூடிக்கொண்டாலும் நான்கு மடங்கு ஒளி கிடைக்கும். மேலே சொன்ன 1/40 நொடி அப்போது 1/160 ஆகிறது; கையசைவு அங்கேயே தீர்ந்துவிடும். கேனானின் எஸ்.டி.எம். வகை 50 மி.மீ. லென்ஸ் 35 செ.மீ. தொலைவு வரை ஃபோகஸ் செய்யும் என்பதால், கோயிலின் அடித்தளத்தில் வரிசையாக இருக்கும் நாயன்மார் கதைகளின் சிறிய புடைப்புச் சிற்பங்களையும் நெருங்கி எடுக்கலாம். நடனத்துக்கு ஷட்டர் வேகத்தை 1/250க்குக் குறையாமல் வைத்து, எஃப் 2 அளவில் முயன்று பாருங்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் கேமராவின் சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) சிறியது என்பதால், 50 மி.மீ. லென்ஸ் அதில், பெரிய சென்சார் கேமராவின் 80 மி.மீ. லென்ஸ் அளவுக்குக் குறுகிய பார்வையையே தரும். மண்டபம் முழுவதையும் அதில் அடக்க முடியாது. அதற்குப் பழைய லென்ஸின் 18 மி.மீ. முனையைப் பயன்படுத்துங்கள், அகன்ற கோணத்தில் 1/30 நொடியே போதும்.

இந்த 50 மி.மீ. லென்ஸைப் புதிதாக வாங்கினால் உங்கள் தொகையின் பெரும்பகுதியோ முழுவதுமோ தீர்ந்துவிடலாம். செகண்ட் ஹேண்டாகக் கிடைத்தால் மிச்சப்படுத்தலாம். ஆனால் லென்ஸின் ஒரு முனையில் கைபேசியின் டார்ச்சை அடித்து மறுமுனையிலிருந்து பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இதே யோசனையைப் பின்பற்ற நினைக்கும் நிக்கான் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் லென்ஸை நகர்த்தும் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை குறைவு என்று பழைய 1.8டி லென்ஸை வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும், மோட்டார் உள்ளேயே இருக்கும் ஏ.எஃப்.எஸ். 1.8ஜி லென்ஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வீட்டிலேயே கவரிங் நகைகளும் கல் வைத்த தோடுகளும் விற்கிறேன். கைபேசியில்தான் படமெடுக்கிறேன். 2,000 ரூபாய்க்குள் ரிங் லைட் வாங்கலாமா?
– வாசகி, சேலம்

பதில்: வேண்டாம், அம்மா. ரிங் லைட் முகத்துக்கு ஏற்றது. பளபளக்கும் உலோகத்திலும் கல்லிலும் அந்த வளையமே வட்டமாகப் பிரதிபலித்து, பார்ப்பவரின் கண்ணை நகையிலிருந்து விலக்கிவிடும்.

கைபேசியைப் பிடிக்கும் கிளிப்புடன் கூடிய, கனமான சிறிய மேசை ட்ரைபாடை முதலில் வாங்குங்கள். கோயில் வாசகருக்கு நான் மறுத்த கருவியை உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம், உங்கள் நகை அசைவதில்லை, தடுப்பாரும் இல்லை. ஒவ்வொரு தோடும் ஒரே உயரத்தில், ஒரே கோணத்தில் அமைந்தால் உங்கள் விற்பனைப் பக்கத்துக்கே ஓர் ஒழுங்கு வரும். மீதிப் பணத்தில் சிறு பகுதி போதும், இரண்டு தெர்மாகோல் அட்டைகளும் ஒரு டிரேசிங் தாளும் வாங்கிவிடலாம். நேர் வெயில் விழாத சன்னலின் அருகே மேசையைப் போட்டு, சன்னலுக்கு டிரேசிங் தாளைத் திரையாகக் கட்டுங்கள். எதிர்ப்பக்கத்தில் தெர்மாகோலை நிறுத்தினால், ஒளி அதில் பட்டுத் திரும்பி நகையின் நிழற்பகுதியை நிரப்பும். படமெடுக்கும் வேளையில் அறை விளக்கை அணைத்துவிடுங்கள்; இரண்டு நிற ஒளி கலந்தால் தங்க முலாம் பச்சையாகவோ வெளிறியோ தெரியும், வாங்குபவர் பொருளைக் கண்டதும் நிறம் வேறாக இருக்கிறது என்று திருப்பி அனுப்புவார்.

கேள்வி: கேமராவைக் காக்க யூ.வி. ஃபில்டரா, ஈரப்பதம் தடுக்கும் மின்பெட்டியா, எது முதலில்?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கடலோரத்தில் இருக்கும் உங்களுக்கு இரண்டும் பொருத்தமான கவலைகள்தான். டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு முன்னால் இருக்கும் தடுப்பு அடுக்கு ஒன்றே புற ஊதாக் கதிரை வடிகட்டிவிடுவதால், யூ.வி. ஃபில்டர் படத்தை மேம்படுத்தாது. உப்புக்காற்றிலும் மணலிலும் லென்ஸின் முன்கண்ணாடியைக் காக்க மட்டும் அது பயன்படும்; மலிவான ஃபில்டரோ விளக்குகளை எதிர்கொள்ளும்போது போலி ஒளிப்புள்ளிகளை உண்டாக்கும்.

பூஞ்சைதான் பெரிய எதிரி. ஒரு மழைக்காலம் முழுவதும் துணிப்பையிலேயே மூடி வைத்திருந்த என்னுடைய நல்ல லென்ஸ் ஒன்றை நான் அப்படித்தான் இழந்தேன். மின்பெட்டி பிறகு வரட்டும். மளிகைப் பொருள் வைக்கும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றையும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கால் கிலோவையும், சில நூறு ரூபாய் விலையுள்ள சிறிய ஈரப்பத மானியையும் இன்றே வாங்குங்கள். மானி 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நின்றால் போதும். நீல ஜெல் இளஞ்சிவப்பாக மாறும்போது, சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து, நன்றாக ஆறிய பிறகே டப்பாவுக்குள் திரும்ப வையுங்கள்.