வண்டி உங்களுக்கா, கொழுந்தனாருக்கா?

கேள்வி: தாராசுரத்தில் இருக்கிறோம். கணவர் கைத்தறியில் பட்டு நெய்கிறார். நான் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கைக்கு வருவது 16,500 ரூபாய். மகள் பத்தாம் வகுப்பு. கடைக்குப் போக வர, அவளை டியூஷனில் விட என்று ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டருக்குள்தான் எனக்கு ஓட்டம். என்னுடைய பெட்ரோல் ஸ்கூட்டரை ஒன்றரை வருஷமாகக் கொழுந்தனார் சமையல் கான்ட்ராக்ட் வேலைக்கு வைத்திருக்கிறார். நான் ஷேர் ஆட்டோவில் போகிறேன். இலேசான எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்று வாங்க நினைத்தேன். "வாங்குறதுதான் வாங்குறீங்க அண்ணி, பெரிய பேட்டரியா வாங்குங்க. ரெண்டு பேரும் ஓட்டிக்கலாம், பாதித் தவணை நான் கட்டுறேன்" என்கிறார். அவருக்கு சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டியதற்கான மதிப்பெண்) சரியில்லை, அதனால் கடன் என் பேரில். வண்டி 1,20,000. கடன் 90,000, மூன்று வருஷம், 12 சதவீத ஃபிளாட் வட்டி. முன்பணம் 30,000 வேண்டும். அவருக்காக இரண்டு வருஷம் முன்பு 60,000க்கு அடகு வைத்த என் இரண்டு பவுன் சங்கிலியின் மேலேயே அதைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாமாம், தங்கம் விலை ஏறியிருக்கிறதே என்கிறார் அடகுக்கடைக்காரர். எனக்குக் கனமான வண்டி என்றால் பயம். எந்த வண்டி வாங்கலாம்?

பதில்: பெட்ரோலுக்கும் கரண்டுக்கும் உள்ள செலவு வித்தியாசத்தை நீங்களே விசாரித்து வைத்திருப்பீர்கள். கணக்கு எழுதுகிறவருக்கு நான் அதைச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்குப் பட்டது வேறு. ஸ்கூட்டர் உங்களுடையது, ஓட்டுவது அவர். சங்கிலி உங்களுடையது, பணம் அவருக்குப் போனது. இப்போது கடனும் உங்கள் பேரில், வண்டி அவர் கேட்கிற அளவில். எந்த வண்டி என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்தப் பழக்கம் நிற்க வேண்டும்.

பெரிய பேட்டரி யாருக்கு என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். தாராசுரத்திலிருந்து கும்பகோணம் கடைத்தெருவுக்குப் போய் வர அது தேவையே இல்லை. ஒரு சார்ஜில் நூறு கிலோமீட்டர் ஓட வேண்டியது, மயிலாடுதுறைக்கும் திருவாரூருக்கும் கல்யாணச் சமையலுக்குப் போய் வருகிறவருக்கு. மயிலாடுதுறை மட்டுமே போக வர எழுபது கிலோமீட்டருக்கு மேல். வண்டி வந்த மறுவாரமே நீங்கள் மறுபடி ஷேர் ஆட்டோவுக்கு நிற்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தத் தடவை மாதத் தவணையும் கட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். 90,000க்கு 12 சதவீத ஃபிளாட் என்றால் மூன்று வருஷத்துக்கு வட்டி 32,400. மாதத் தவணை 3,400. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு 90,000க்கே போடப்படுவதால், உண்மையான வட்டி ஏறக்குறைய 21 சதவீதம். அடகின் மேல் வாங்கும் 30,000க்கு மாதம் ஒன்றரை வட்டி என்று வைத்தால் 450 ரூபாய். பழைய 60,000க்கு 900. மொத்தம் 4,750. உங்கள் சம்பளத்தில் கால் பங்குக்கும் மேலே போய்விடுகிறது. வண்டி மிச்சப்படுத்தப்போவது என்ன? ஆட்டோவுக்கு ஒரு நடை இருபது ரூபாய் என்றால் மாதம் ஆயிரத்துச் சொச்சம். அவ்வளவுதான்.

"பாதி நான் கட்டுகிறேன்" என்ற வார்த்தையை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. சேர்க்கவும் மாட்டேன். சங்கிலிக்கு இரண்டு வருஷ வட்டியே 21,600 ஆகியிருக்கும். அதில் அவர் எவ்வளவு கொடுத்தார் என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் எழுதியிருப்பீர்கள். வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பது, விலை ஏறினால் மேலே வாங்குவது என்று போனால் நகை வீட்டுக்கு வரவே வராது. தங்கம் விலை ஏறினால் லாபம் உங்களுக்கு வர வேண்டும். அடகில் இருக்கிற நகைக்கு விலை ஏறும்போது வளர்வது கடன்தான்.

2021இல் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுன் வரை நகைக் கடன் தள்ளுபடி ஆனதிலிருந்து, அடுத்ததும் வரும் என்று மீட்காமல் காத்திருக்கிறவர்களை நம் பக்கத்தில் நிறையப் பார்க்கிறேன். உங்கள் சங்கிலி இருப்பது தனியார் கடையில். அந்த நினைப்பே வேண்டாம்.

நானும் வலங்கைமான் பக்கம் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவள். கொழுந்தனாரிடம் இல்லை என்று சொல்வது எவ்வளவு சங்கடம் என்று தெரியும். ஆனால் அவர் தவணை தவறினால் அடிபடுவது உங்கள் சிபில். இன்னும் இரண்டரை வருஷத்தில் மகள் கல்லூரிக்குப் போவாள். கல்விக் கடனில் வங்கி பெற்றோரையும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்கும், உங்கள் பேரில் பாக்கி இருக்கிறதா என்று பார்க்கும். வண்டிக் கடனுக்குக் கொழுந்தனார் கையெழுத்துக் கேட்டால் இந்தக் காரணத்தையே சொல்லுங்கள். இது சாக்கு இல்லை, உண்மை.

புது வண்டிக்கு எடுத்து வைக்கத் தயாராக இருந்த 3,400 ரூபாயையும், இப்போது கட்டும் 900 வட்டியையும் சேர்த்து மாதம் 4,300 அடகுக்குக் கட்டுங்கள். வட்டி போக மீதியை அசலில் வரவு வைத்து ரசீதில் எழுதி வாங்குங்கள். சுமார் பதினாறு மாதத்தில் சங்கிலி கழுத்துக்கு வந்துவிடும். தீபாவளி போனஸையும் அதிலே போட்டால் இன்னும் சீக்கிரம். பொதுத்துறை வங்கிக்கு மாற்ற முடிந்தால் வட்டி பாதிக்குப் பக்கமாகக் குறையும். அதற்கு ஒரு நாள் லீவு போட்டாலும் தப்பில்லை.

அதுவரை? காலையில் டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ராத்திரி கடை சாத்தி ஒன்பது மணிக்குத் திரும்பும்போது பஸ்ஸை நம்ப முடியாது என்பது எனக்கும் தெரியும், அதற்குத்தான் உங்கள் பழைய ஸ்கூட்டர் இருக்கிறதே. அதைத் திருப்பிக் கேளுங்கள். பத்து கிலோமீட்டருக்குப் பெட்ரோல் மாதம் அறுநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

சங்கிலியை மீட்ட பிறகு, அதே 4,300ஐச் சேர்த்து ரொக்கத்துக்கு வண்டி வாங்குங்கள். அப்போது பார்க்க வேண்டியவற்றை இப்போதே சொல்கிறேன், ஏனென்றால் "இலேசான வண்டி" என்ற விளம்பரத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற வரம்புக்குள் இருக்கும் வண்டிக்கு லைசென்சும் பதிவும் வேண்டாம். அந்த விதியில் 60 கிலோ என்று ஓர் எடை வரம்பும் உண்டு, ஆனால் அது பேட்டரி நீங்கலான எடை. லெட் ஆசிட் பேட்டரி ஐந்து வைத்தால், ஒன்று ஏழெட்டுக் கிலோ வீதம் இன்னும் முப்பத்தைந்து நாற்பது கிலோ ஏறிவிடும். அந்தப் பேட்டரி இரண்டு வருஷம் போனாலே பெரிது. லித்தியம் என்றால் எடை மூன்றில் ஒரு பங்கு, சில வண்டிகளில் கழற்றி உள்ளே கொண்டுபோய்ச் சார்ஜ் போடலாம், தறி வீட்டில் அது வசதி. ஐக்யூப், ஏத்தர் மாதிரியான வண்டிகள் நல்லவைதான், ஆனால் நூறு கிலோவைத் தாண்டும். உங்கள் வாசல் படியில் பலகை போட்டு ஏற்றுவது நீங்கள்தானே. ஷோரூமில் சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுத்துப் பாருங்கள். இறங்கி, பின்பக்கமாக உருட்டிப் பாருங்கள். உட்கார்ந்தால் செருப்போடு இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும்.

25 கிலோமீட்டர் வேக வண்டி ஊருக்குள் சந்துகளில் போதும். நீங்கள் போவது தஞ்சாவூர் சாலை. பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வரும்போது அந்த வேகம் ஆபத்து. உங்களிடம் லைசென்ஸ் இருப்பதால், பதிவு செய்த சிறிய வண்டி, 45 வேகம், இரண்டு யூனிட் கரண்டு பிடிக்கிற பேட்டரி போதும். மெதுவான வண்டியையே "வேகத்தைத் திறந்து தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். வரம்பைத் தாண்டினால் அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். யார் மேலாவது மோதினால் நஷ்டஈடு உங்கள் தலையில். கரண்டு பற்றிக் கவலையே வேண்டாம். உங்கள் ஓட்டத்துக்கு இரண்டு மாதத்துக்குப் பதினைந்து யூனிட்டைச் சுற்றித்தான் வரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனாரிடம், கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியைக் கேளுங்கள். "மகளை ராத்திரி டியூஷனிலிருந்து கூட்டி வரணும் தம்பி, மாசக் கடைசிக்குள்ள வண்டி வேணும்" என்பது போதும், விளக்கம் வேண்டாம். வண்டி வந்ததும் முன் டயரின் தேய்மானத்தையும் பிரேக் ஷூவையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆர்.சி. புத்தகத்தோடு இருக்கும் இன்சூரன்ஸ் தாளில் தேதி பாருங்கள். ஒன்றரை வருஷம் அடுத்தவர் கையில் இருந்த வண்டி, இன்சூரன்ஸ் முடிந்துபோயிருக்கவும் கூடும்.